லட்சுமிக்கு முகம் தேடித் திருச்சிக்குப் போனது

என் லட்சுமியின் முகம் சரியில்லை என்று முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னவர், கொழும்பு புறக்கோட்டையில் பருப்பு மண்டி வைத்திருக்கும் ஒரு செட்டியார். "இவ நம்ம கடைக்கு வந்த லட்சுமி மாதிரி இல்லையே தம்பி. பக்கத்துக் கடைக்கு வழி கேக்க வந்தவ மாதிரில்ல நிக்கிறா" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் டிராமில் ஏறி வீட்டுக்குப் போகும்போது அந்தச் சிரிப்பு என்னுடன் வரவில்லை.

நான் கொழும்பில் ஒரு கல்லச்சுக்கூடத்தில், அதாவது கல்லில் எழுதி அச்சடிக்கிற இடத்தில், படம் வரைகிறவன். வருஷப் பிறப்புக்கு வியாபாரிகள் வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்கிற சாமிப்படக் காலண்டர், சோப்பு மேலட்டை, தீப்பெட்டி லேபிள் எல்லாம் என் கையிலிருந்து போகிறவை. தொழில் பழகிய காலத்தில் முகம் போடக் கற்றுக்கொண்டது, ஒரு சீமை பிஸ்கட் தகரத்தின் மேலிருந்த துரைசானியைப் பார்த்துத்தான். அதற்குப் பிறகு கை அந்த முகத்தை விடவேயில்லை. நிறத்தை மாற்றி மூக்குத்தி போட்டால் சீதை. வீணையைக் கொடுத்தால் சரஸ்வதி. மீசை வைத்துவிட்டால் அர்ச்சுனன்கூட ஆகிவிடுவாள்.

முதலாளிக்கும் இது எட்டிவிட்டது. "அடுத்த காலண்டருக்கு வேற முகம் வேணும். இல்லேன்னா பம்பாயிலேருந்து படம் தருவிச்சுக்கிறேன். நீங்க எழுத்து வேலையை மட்டும் பாருங்க" என்றார். எழுத்து வேலை என்றால் கடைப் பெயரும் விலாசமும் எழுதுவது. பன்னிரண்டு ராசிகளையும் நவக்கிரகங்களையும் வரைந்தவனைப் பார்த்து, இனிமேல் 'மொத்த வியாபாரம், சில்லறை வியாபாரம்' என்று எழுதிக்கொண்டிரு என்றால் எப்படி இருக்கும்!

திருச்சியில் ஓர் அச்சுக்கூடத்தார் விற்க இருந்த அச்சுக் கற்களைப் பார்த்து ரயிலேற்றும் வேலை அந்தச் சமயத்தில் வந்தது. முதலாளி அதை என் தலையில் கட்டி, "அப்படியே ஸ்ரீரங்கம் போயி தாயாரையும் பார்த்துட்டு வாங்க. அவளும் லட்சுமிதானே, ஏதாவது தோணும்" என்று அனுப்பிவைத்தார். எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாகக் கொழும்பில். திருச்சியில் எனக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை. பழைய நண்பர் ஒருவர் மட்டும் உண்டு. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கற்கள் விஷயம் சுலபமாக முடிந்தது. நல்ல கற்கள், வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடைத்து அனுப்பியாயிற்று. தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் அறை. கொழும்பில் எந்நேரமும் கடற்காற்று சட்டைக்குள் புகுந்து விளையாடும். இங்கே காற்று வந்தால் ஜனங்கள் பேச்சை நிறுத்திவிட்டு அதை அனுபவிக்கிறார்கள். அங்கே உள்ளங்கையில் கருப்பட்டித் துண்டை வைத்துக் கடித்துக்கொண்டு வெறும் தேநீர் குடித்துப் பழகிய எனக்கு, இந்த ஊர்க் காப்பி முதல் நாளே தலைக்கேறிவிட்டது. ஹோட்டல்காரர் டம்ளரையும் டவராவையும் இவ்வளவு தூரம் விலக்கி ஆற்றும்போது நடுவில் ஒரு பழுப்பு நிறக் கயிறு தொங்குகிறது. அதை வரைய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. திருச்சியில் எனக்கு வரையத் தோன்றிய முதல் பொருள் அதுதான்.

மறுநாள் சின்னக்கடை வீதியில் கண்ணில் பட்டதையெல்லாம் பார்த்துக்கொண்டு போனேன். போட்டோ பிடிக்கும் கடை வாசலில் புது மாப்பிள்ளைகளும் பட்டதாரிகளும் கண்ணாடிச் சட்டத்துக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். நெட்டித் தண்டைச் சீவிச் சீவிச் செய்த கோபுரம் ஒன்று, ஊதினால் பறந்துவிடும் போல, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. செயற்கை வைரத் தோடுகள் அசல் வைரத்தைவிட அதிகமாக மின்னின. எல்லாம் அழகுதான். ஆனால் என் லட்சுமிக்கு ஆகிற மாதிரி ஒன்றும் அகப்படவில்லை.

ஒரு சுருட்டுக் கடையில் நின்றேன். உறையூர்ச் சுருட்டு கொழும்பு வரைக்கும் பேர் போனது. முதலாளிக்கு ஒரு கட்டு வாங்கலாம் என்று எண்ணம். கடைக்காரர் எடுத்து வைத்த பெட்டியின் மேல் பார்த்தால், என் பிஸ்கட் தகரத்துத் துரைசானி! நான் போட்ட அதே நெற்றிச் சுட்டி, அதே சாய்ந்த பார்வை. தாமரையை மட்டும் எடுத்துவிட்டுக் கையில் சுருட்டைக் கொடுத்திருந்தார்கள்.

"இது யாரு படங்க?" என்று கேட்டேன்.

"சுருட்டம்மாங்க" என்றார் கடைக்காரர் சாதாரணமாக. "கொழும்புல ஒரு பெரிய ஆர்ட்டிஸ்டு போட்ட படம்னு சொல்றாங்க. அதைப் பார்த்து இங்க போட்டது. அம்மா முகராசி, நல்லா ஓடுது சார்."

பெரிய ஆர்ட்டிஸ்டாகிய நான் அந்தச் சுருட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். சாமி என்று நினைத்து ஒரு முகம் போட்டு, அதன் கையில் எதைக் கொடுத்தாலும் பொருந்துகிறது என்றால், அது யாருடைய முகமும் இல்லை என்றுதானே அர்த்தம்? செட்டியார் சொன்னதைவிட இது அதிகமாக வலித்தது.

அன்று சாயங்காலம் என் நண்பர் ரங்கராஜன் வந்து ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப் போனார். இவர் முன்பு கொழும்பில் ஒரு கம்பெனியில் சில வருஷங்கள் உத்தியோகம் பார்த்தவர். காலண்டர் ஆர்டர் கொடுக்க எங்கள் அச்சுக்கூடத்துக்கு வந்து பழக்கம். இப்போது திருச்சியில் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா, வீடு ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில். நெற்றியில் திருமண் கலையாது. கழுத்தில் ஒரு தோல் வாரில் பெட்டிக் காமிரா தொங்கும். கோயிலுக்குக் கிளம்பும்போது மட்டும் அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

தாயார் சந்நிதியில் நல்ல கூட்டம். நெய் விளக்கு மேலே போய்க் கீழே வருவதற்குள் என்னைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். வெளியே வந்ததும் ரங்கராஜன் கேட்டார், "நன்னா சேவிச்சேளா? மனசுல வாங்கிண்டேளா?"

"பார்த்தேன். ஆனா என்ன பார்த்தேன்னு சொல்லத் தெரியலை" என்றேன். உண்மை அதுதான். உடம்பு சிலிர்த்தது. ஆனால் சிலிர்ப்பைக் காகிதத்தில் எப்படிப் போடுவது?

அவர் என்னை வீட்டுக்கு அழைத்துப் போய், வாழையிலைத் துண்டில் புளியோதரை வரவழைத்துக் கொடுத்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியைத் திறந்து தான் எடுத்த போட்டோக்களைப் பாயில் பரப்பினார். பெருமாள் வீதிப் புறப்பாட்டின்போது எடுத்தவை. ஆனால் ஒன்றிலும் பெருமாள் இல்லை.

"அவரை நோக்கி இந்த டப்பாவைத் தூக்க எனக்கு மனசு வரலை. அதனால அவரைச் சேவிக்கறவாளை எடுத்துண்டிருக்கேன்" என்றார்.

இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி; வாய் பாதி திறந்திருக்கிறது. பூக்கட்டுகிறவள் ஒருத்தி, நார் விரலில் சுற்றியபடி பாதியில் நிற்கிறது. தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்ட போலீஸ்காரர் ஒருவர். மழிக்காத தாடியோடு ஒரு ஆள், யாரையோ கோபமாகக் கேட்பது போல் பார்க்கிறான். கன்னத்தில் கண்ணீர்.

நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். "ஒருத்தருமே உங்களைப் பார்க்கலையே?"

"என்னை எதுக்குப் பார்க்கணும்? எதிர்த்தாப்ல பெருமாள் போயிண்டிருக்கார்."

என் படங்களில் எல்லாத் தெய்வங்களும் பார்க்கிறவனையே பார்க்கும். கடைக்காரன் பார்க்கச் சொல்லி நிறுத்தி வைத்தது போல. இந்த மனிதர்களுக்கோ தங்கள் முகத்தைப் பற்றிய ஞாபகமே இல்லை. அதனால்தான் அவை முகங்களாக இருந்தன. மறுநாள் காலையிலிருந்து தெருத்தெருவாக நடந்து, இப்படி ஏதாவது ஒரு வேலையில் தன்னை மறந்திருக்கும் முகத்தைத் தேடுவது என்று தீர்மானித்துக்கொண்டு ஜட்கா ஏறினேன்.

ஜட்காக்காரர் பெயர் காதர் பாய். குதிரையோடு ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார். காவேரிப் பாலத்தை நெருங்கும்போது எதிரே வந்த பஸ் ஒன்று ஹாரனை அலறவிட, குதிரை மிரண்டு ஒதுங்கியது. சக்கரம் ஓரக்கல்லில் ஏற, வண்டி சாய்ந்தது. நான் விழாமலிருக்க வலது கையால் எதையோ பிடித்தேன். பிடித்தது வண்டி விளக்கு. கண்ணாடி உள்ளங்கைக்குள் நொறுங்கியது.

"யா அல்லா! கைய மேல தூக்குங்கய்யா, மேல தூக்கிப் பிடிங்க!" என்று காதர் பாய் தன் தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டினார். குதிரையைத் தட்டி நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். அங்கே தையல் போட்டு முடியும் வரைக்கும் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "எழுதுற கைங்களாய்யா?" என்று கேட்டார். "படம் போடுற கை" என்றேன். என் தோளில் கை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

டாக்டர் சொன்னது இதுதான்: காயம் ஆழம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பழையபடி மடங்குமா என்பது தையல் பிரித்த பிறகுதான் தெரியும். அதுவரை தினம் காலையில் வந்து மருந்து வைத்துக் கட்டிக்கொண்டு போக வேண்டும். ஊருக்குப் போகக் கூடாது.

அந்த நாட்களில் நான் பட்ட பாட்டில் சாப்பாட்டுப் பாட்டைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கட்டுப் போட்ட வலது கையை மார்போடு தொட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மெஸ்ஸில் இலை முன்னால் உட்கார்ந்து இடது கையைச் சோற்றில் வைக்கக் கூச்சம். வைக்காமல் இருக்கப் பசி. பரிமாறுகிறவர் ஒரு நடுவயதுக்காரர், ஒருதரம் பார்த்தார். சாம்பார் வாளியைக் கீழே வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, "நீங்க பாட்டுக்கு இருங்க சார்" என்று என் இலையில் சோற்றைப் பிசைந்து கவளம் கவளமாக உருட்டி வரிசையாக வைத்தார். ஒரு ஸ்பூனும் கொண்டுவந்து தந்தார். எதிர் வரிசையில் இருந்தவர் எனக்காக ஒரு ரஸ்தாளிப் பழத்தை உரித்து நீட்டினார். யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறைக்கு வெளியே நீளமான தாழ்வாரம், அதில் பெஞ்சு. அங்கே உட்கார்ந்தால் திறந்த கதவு வழியாக உள்ளே நடப்பது தெரியும். கார்பாலிக் மருந்து நெடி கண்ணைக் கரிக்கும். எனக்குப் பக்கத்தில் தினமும் வந்து உட்கார்ந்தவர் முசிறிப் பக்கத்து விவசாயி. வாழைத்தார் வெட்டும்போது அரிவாள் காலில் இறங்கிவிட்டதாம். "பயப்படாதீங்க. அந்தம்மா கை பட்டா பாதி நோவு போயிரும்" என்று முதல் நாளே எனக்குத் தைரியம் சொன்னார்.

அந்தம்மா என்பது நர்ஸ் ஆரோக்கியம் அம்மாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மேலப்புதூர்க் கிறிஸ்தவக் குடும்பம். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிறிய சிலுவை. வருகிறவர்களின் முகத்தை அவர் முதலில் பார்ப்பதே இல்லை. காயத்தைத்தான் பார்ப்பார். பழைய துணி ஒட்டிக்கொண்டிருந்தால் வெந்நீர் விட்டு விட்டு, அது தானே இளகும் வரைக்கும் காத்திருப்பார். அந்த நேரத்தில் தாழ்வாரத்தில் யார் கத்தினாலும் அவர் காதில் விழாது.

என் முறை வந்தபோது, "எரியும். கத்தணும்னா கத்திக்குங்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்" என்றார். நான் கத்தினேன். அவர் ஒன்றும் நினைக்கவில்லை.

ரங்கராஜனின் போட்டோக்களில் பார்த்தது இங்கே உயிரோடு என் முன்னால் குனிந்திருந்தது. போடக் கை இல்லை! இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் விடுதிக்காரரிடம் ஒரு பென்சில் வாங்கிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து முழங்கால் மேல் அட்டையை வைத்து, இடது கையால் இழுக்க ஆரம்பித்தேன்.

கோடு நடுங்கியது. காது இருக்க வேண்டிய இடத்தில் தோள் வந்தது. முசிறிக்காரர் எட்டிப் பார்த்து, "எருமை மாடுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். அடுத்த நாள் கொஞ்சம் தேறியது. அதற்கடுத்த நாள் அவர் எட்டிப் பார்த்துவிட்டு, கதவு வழியாக உள்ளே அந்தம்மாவையும் ஒருதரம் பார்த்தார். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பிஸ்கட் தகரத்துத் துரைசானியைக் கற்றுக்கொண்டது என் வலது கை. இடது கைக்கு அவளைத் தெரியாது. அதற்கு ஒரு கண்ணிமையைப் போட வேண்டுமென்றாலும் நிமிர்ந்து பார்த்துத்தான் போட முடியும். இத்தனை வருஷங்களில் ஒரு முகத்தை நான் உண்மையாகவே பார்த்தது அந்தப் பெஞ்சில்தான் என்று சொன்னால் மிகையில்லை.

சாயங்காலம் ரங்கராஜன் விடுதிக்கு வந்தார். லட்சுமிக்கு முகம் அகப்பட்டுவிட்டது, இடது கையால் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று விஷயத்தைச் சொன்னேன். "இடது கையால தாயாரையா?" என்று முகத்தைச் சுளித்தவர், காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததும் ஜன்னலுக்கு இன்னும் கிட்டே போனார்.

"யார் இவா?"

"கட்டுப் போடுற நர்ஸ். கிறிஸ்தவங்க."

படத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "அதனால என்ன? தாயார் எங்க வேணா வருவா. ஆனா அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டேளோ?"

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவர் சொன்ன பிறகுதான், அது எவ்வளவு கஷ்டமான கேள்வி என்று புரிந்தது.

மறுநாள் வேண்டுமென்றே கடைசி ஆளாக உள்ளே போனேன். கட்டு முடிந்ததும் காகிதத்தை நீட்டினேன். ஆரோக்கியம் அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"இது நானா?"

"ஆமாங்க."

"இவ்வளவு களைப்பாவா இருக்கேன்?" என்று மெல்லக் கேட்டார். பிறகு சிரித்தார். "இடது கையில போட்டதா? பரவாயில்லையே."

நான் காலண்டர் விஷயத்தைச் சொன்னேன். இந்த முகத்தை லட்சுமிக்கு வைக்க அனுமதி வேண்டும் என்றேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நான் மாதா கோயிலுக்குப் போறவ. அது உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும். உங்க பேரு எங்கயும் வராதுங்க."

"அதுக்குச் சொல்லலை. உங்க சாமிய நான் ஒண்ணும் குறைச்சுப் பேசலை" என்று நிறுத்தினார். "எங்கெல்லாம் மாட்டுவாங்க அந்தப் படத்தை?"

"கடையில, வீட்டுல, பூஜை இடத்துல..."

"கும்பிட்டு வேண்டிக்குவாங்க."

"ஆமாங்க."

அவர் படத்தையே பார்த்துக்கொண்டு பேசினார். "காலைல நான் இங்க வந்து நின்னதிலேருந்து எல்லாரும் எங்கிட்ட கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க. நோவு தாங்கலைம்மா, கால் நல்லாயிருமாம்மா, புள்ள பொழைச்சுக்குமாம்மா... தப்பில்ல. அதுக்குத்தான் வேலைக்கு வந்திருக்கேன். ஆனா வீட்டுக்குப் போனா கதவைச் சாத்திக்கிட்டு ஒரு டம்ளர் காப்பியோட உக்காருவேன். அப்ப யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அந்த நேரம் ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கு. நீங்க இந்த மூஞ்சியக் கொண்டுபோயி ஊர் ஊரா மாட்டினீங்கன்னா, அப்பவும் எங்கேயோ யாரோ இதைப் பார்த்துக் கேட்டுக்கிட்டு இருப்பாங்களே! என்னால தாங்க முடியாதுங்க."

சாமி குற்றம் என்றோ, ஊர் பேசும் என்றோ சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன். "நீங்க சொல்றது சரிங்க. இந்தப் படத்தை நீங்களே வெச்சுக்குங்க. நான் இந்த முகத்தை வேற எங்கேயும் போட மாட்டேன்" என்றேன். அதை நான்காக மடிக்கப் போனவர், மடிக்காமல் அலமாரியில் பஞ்சுக் கட்டுகளுக்கு அடியில் தட்டையாக வைத்தார். "எங்க வீட்டுல என் படம் ஒண்ணுகூடக் கிடையாது" என்றார்.

வெளியே வந்து காவேரிப் படித்துறையில் போய் உட்கார்ந்தேன். ஆற்றில் தண்ணீர் நிறையப் போயிற்று. முகமும் இல்லை, விரல் மடங்குமா என்றும் தெரியவில்லை. 'மொத்த வியாபாரம், சில்லறை வியாபாரம்' என்று எழுதுவதற்குக்கூட வலது கை வேண்டும்.

தையல் பிரிக்கும் நாள் வந்தது. டாக்டர் பிரித்துவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். ஆரோக்கியம் அம்மாள் என் உள்ளங்கையை எண்ணெய் தொட்டு நீவினார். தோல் மரக்கட்டை மாதிரி இருந்தது. பிறகு மேஜை மேலிருந்த பென்சிலை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"எடுங்க."

கட்டைவிரல் அசைந்தது. ஆள்காட்டி விரல் அசையவில்லை. "அவசரப்படாதீங்க. அது பயந்துபோயிருக்கு, அவ்வளவுதான்" என்று அந்த விரலைத் தன் விரல்களுக்கு நடுவில் வைத்து மடக்கி நீட்டி, மடக்கி நீட்டிக் காத்திருந்தார், ஒட்டிய துணி இளகுவதற்குக் காத்திருப்பாரே, அதே மாதிரி. வெளியே முசிறிக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து கதவோரம் வந்து நின்றார். கடைசியில் விரல் தானாக மடங்கியது. பென்சில் மேஜையிலிருந்து எழும்பியது. நடுங்கிக்கொண்டுதான், ஆனாலும் எழும்பியது.

"வந்துருச்சு!" என்று கத்தியவர் முசிறிக்காரர்.

ஆரோக்கியம் அம்மாள் அன்றுதான் என் முகத்தை நேராகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "நேத்து ராத்திரி யோசிச்சேன்" என்றார். "மூஞ்சி வேண்டாங்க. அது எனக்கு வேணும். கையை வேணா எடுத்துக்குங்க. அதுதான் ஏற்கெனவே எல்லாருக்கும் குடுத்தாச்சே."

கூட்டம் ஓய்ந்த பிறகு தாழ்வாரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்தார். அவை நிற்கவில்லை. ஒன்று மற்றொன்றின் நகத்தைத் தேய்த்தது. முந்தானையின் நுனியைச் சுருட்டியது. "சும்மா இருக்கத் தெரியாது இதுங்களுக்கு" என்று அவரே வெட்கப்பட்டார். முசிறிக்காரர், "நம்ம கால் இருக்கே" என்று தன் காலை ஸ்டூல் பக்கம் நீட்டினார். அந்தக் காலின் கட்டை அவிழ்த்து மறுபடி கட்ட ஆரம்பித்ததும் கைகள் நிதானத்துக்கு வந்துவிட்டன.

ஒட்ட வெட்டிய நகங்கள். டிங்சர் மருந்துக் கறை ஏறிப் பழுப்பான விரல் நுனிகள். மணிக்கட்டில் கொதிநீர்ப் பாத்திரம் சுட்ட பழைய தழும்பு. நான் வாழ்க்கையில் போட்ட தெய்வக் கைகள் எல்லாம் வெண்டைக்காய் மாதிரி நீண்டு வழவழவென்றிருக்கும். அவற்றால் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது. இந்தக் கைகளை நடுங்கும் என் வலது கை மெள்ள மெள்ளப் போட்டது. ஒரு கை முடிந்தது. மற்றது சுற்றுக்கோட்டோடு இருக்கும்போது உள்ளிருந்து யாரோ, "ஆரோக்கியம்மா! சீக்கிரம் வாங்க!" என்று கூப்பிட்டார்கள். வண்டியில் யாரையோ கொண்டுவந்திருந்தார்கள். அவர் எழுந்து ஓடினார். போகும்போது, "காலை ஆட்டாதீங்க" என்று சொன்னது முசிறிக்காரருக்கு.

நான் முடிந்த வரைக்கும் காத்திருந்தேன். கதவு திறக்கவில்லை. சாயங்காலம் எனக்கு ரயில். சொல்லிக்கொள்ளாமலே கிளம்ப வேண்டியதாயிற்று. ரங்கராஜன் ஜங்ஷனுக்கு வந்து வழியனுப்பினார். பாதியில் நின்ற அந்தக் கைகளின் படத்தை ஜன்னல் கம்பி வழியாக வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை இப்படியே விட்டுடாதேங்கோ. முடியுங்கோ" என்றார்.

கொழும்பில் முடித்தேன். லட்சுமியின் முகத்தை இடது கையாலேயே போட்டேன். ஆரோக்கியம் அம்மாளின் சாயல் துளிகூட வராமல் பார்த்துக்கொண்டேன். அவள் பார்க்கிறவனைப் பார்க்கவில்லை; சற்றே குனிந்து, கொடுக்கிற தன் கையைப் பார்க்கிறாள். முதலாளி படத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். "லட்சுமி நம்மளைப் பார்க்க வேண்டாமா? நகத்தை ஏன் இப்படி ஒட்ட வெட்டியிருக்கா?" என்றெல்லாம் கேட்டார். கடைசியில், "போடுங்க. விக்கலைன்னா அப்புறம் பார்த்துக்கலாம்" என்று கல்லுக்கு அனுப்பினார்.

வருஷப் பிறப்பு கழிந்து கொஞ்ச காலம் ஆனபின், கொட்டாஞ்சேனையில் ஓர் அரிசிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் படம் கல்லாவுக்குப் பக்கத்துத் தூணில், கை எட்டும் உயரத்தில் மாட்டியிருந்தது. துறைமுகத்தில் மூட்டை தைக்கிறவள் போலும், ஒரு பெண் அரிசி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். போகிற போக்கில் தூண் பக்கம் நின்றாள். சாமிப்படம் என்றால் ஜனங்கள் பாதத்தைத் தொட்டுத்தான் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். இவள் லட்சுமியின் கையைத் தொட்டாள். தொட்டு, ஒரு கணம் விரலை எடுக்காமல் வைத்திருந்து, பிறகு கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். படம் முழுவதும் புதுசாகப் பளபளவென்றிருந்தது. அந்தக் கை இருந்த இடத்தில் மட்டும் மெருகு தேய்ந்து, காகிதம் மங்கிப்போயிருந்தது.